மறைந்த பாடலின் குடும்பத்தார்

முத்துமாநகர் இல்லப் பாட்டுப் பதிவாளர் பேரவையில் முழு உறுப்பினர் ஆவதற்குப் பாட்டுப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போட்ட பாட்டு ஒன்றாவது கரண்ட் கட்டில் போயிருக்க வேண்டும். அதுதான் ஒரே தகுதி.

இப்படி ஒரு தகுதியை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. ஆரம்பத்தில் நியாயமான கூட்டமாகத்தான் இருந்தார்கள். படுக்கையறை மூலையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு கீபோர்டு வைத்து, சன்னலைப் பழைய மெத்தையால் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள். பெரிய பெரிய புகைக்கூண்டு வைத்து மின்சாரம் தயாரிக்கிற ஊர்தான் தூத்துக்குடி. ஆனாலும் உப்புக் காற்றில் கம்பி அரித்து, மேகம் கறுப்பதற்குள் கரண்ட் போய்விடும். பாதிப் பாட்டில் கம்ப்யூட்டர் அணையும், பாட்டும் போகும். பொறுக்க முடியாமல் எல்லாரும் சேர்ந்து மின்சார அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி, அப்படி என்ன பாட்டு போச்சு என்று கேட்டுவிட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. முதல் ஆள் தன் பாட்டைப் பற்றிச் சொன்னார். இரண்டாவது ஆள் அதைவிட நல்ல பாட்டாகச் சொன்னார். முதல் ஆளுக்கு வயிறு எரிந்தது. மறுபடியும் எழுந்து, தன் பாட்டில் புல்லாங்குழல் வந்ததைச் சொல்ல விட்டுப்போய்விட்டது என்றார். மூன்றாவது ஆள் தன் பாட்டில் ரெண்டு புல்லாங்குழல் என்றார். மனு மேசையிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு அவர்கள் எத்தனையோ தடவை கூடியிருக்கிறார்கள், மனுவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. போன பாட்டைப் பற்றித்தான் பேச்சு.

பேரவைத் தலைவர் காசிலிங்கம் அண்ணாச்சி வத்தல் மொத்த வியாபாரி. அவருடைய சரக்குக் கிட்டங்கி மாடியில்தான் பேரவைக் கூடம். கீழே மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தல் ஏற்றி இறக்குவதால் கூட்டத்தில் எல்லாருக்கும் தும்மல் வரும். தும்மலை எதிர்ப்பாகக் கருதக் கூடாது என்று தீர்மானமே இருக்கிறது. அண்ணாச்சி தலைவரானது இடம் கொடுத்ததற்காக அல்ல. அவருடைய 'நெய்தல் நிலவே' என்ற பாட்டு போனதைப் போல இந்த ஜில்லாவில் இன்னொரு பாட்டு போனதில்லை என்பதற்காக. அந்தப் பாட்டை யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சி கீபோர்டில் கை வைத்தும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பாட்டை நினைத்துக் கண் கலங்காத உறுப்பினர் கிடையாது.

கூடத்துச் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். ஒவ்வொன்றிலும் அணைந்துபோன கம்ப்யூட்டர் திரையின் போட்டோ, அதாவது வெறும் கறுப்பு. கீழே பாட்டின் பெயர், தோற்றம், மறைவு. மேலே சந்தன மாலை. முன்னால் ஒரு சின்னச் சிவப்புப் பல்பு. கரண்ட் போனால் எல்லாப் பல்பும் அணையும், தலைவருடைய பாட்டுப் படத்துக்கு முன்னால் இருப்பது மட்டும் எரியும். அதற்குப் பேட்டரி போட்டிருந்தார்கள்.

இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தவன் ரெக்சன். முத்தையாபுரத்தில் வீடு, துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர் சரிபார்க்கிற வேலை. வேலை முடிந்து வந்தால் சின்ன அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வான். அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பாட்டு, சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்கிற வீடியோவுக்குப் பாட்டு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற கடை விளம்பரம், எது வந்தாலும் செய்து கொடுப்பான். நன்றாகவே செய்வான். அதுதான் அவனுடைய பிரச்சினை. வேலையைச் சீக்கிரம் முடித்து உடனுக்குடன் சேமித்து வைத்துவிடுகிற ஆள். அவனிடமிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை.

போனதே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு கருவாட்டுக் கடை விளம்பரம் போயிருந்தது. அதை வைத்து முழு உறுப்பினராக விண்ணப்பித்தான். பேரவை ஆராய்ந்து, விளம்பரம் போனால் அது சேதம், பாட்டு போனால்தான் மறைவு என்று சொல்லிவிட்டது. அடுத்த தடவை ஒரு இசக்கியம்மன் பாட்டுப் பாதியில் போனதை எடுத்துக்கொண்டு ஓடினான். அந்தப் பாட்டை மறுநாள் திரும்பப் பதிவு செய்தாயா என்று கேட்டார்கள். ஆமாம், கொடைக்கு வேணும்லா என்றான். அப்படியானால் அது மறைவு அல்ல, மயக்கம் என்றார் செயலாளர் தேவமணி. தேவமணி கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் இல்லை என்று சொல்லிப் பழகியவர்.

ஆகவே ரெக்சன் பார்வையாளர் உறுப்பினராகவே இருந்தான். முழு உறுப்பினர்களுக்குக் கை வைத்த நாற்காலி, பார்வையாளருக்கு முக்காலி. முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கறுப்புப் படங்களைப் பார்க்கும்போது ரெக்சனுக்கு நெஞ்சுக்குள் புளிச்சேப்பம் மாதிரி ஏதோ ஏறும். இவனுக்கெல்லாம் ஒரு பாட்டு போயிருக்கிறதே, எனக்குப் போகவில்லையே என்று பொறாமை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே அதை நினைப்பான்.

வீட்டில் இன்னொரு பொறாமை இருந்தது. ரெக்சன் மனைவி பிளாரன்சுக்குத் தங்கச்சி ஜெர்லின்மேல் பொறாமை. ஜெர்லின் மாதா கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். திருவிழா நேரத்தில் உள்ளூர் கேபிளில் அவள் முகம் பெரிதாக வரும். சொந்தக்காரர்கள் எல்லாரும் போன் போட்டு, ஜெர்லின் பாடுனதப் பாத்தியா என்று பிளாரன்சிடமே கேட்பார்கள். பிளாரன்ஸ் மீன் ஆய்ந்துகொண்டே பாடினால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். அது எந்தக் கேபிளிலும் வரவில்லை. நான் பாடுனத நாலு பேரு கேக்கணும், அந்த நாலு பேருல ஒருத்தி ஜெர்லினா இருக்கணும் என்று அவள் வெளிப்படையாகவே சொல்லுவாள்.

அவளுக்காக ரெக்சன் 'கரை தெரியுதா' என்று ஒரு பாட்டுப் போட்டான். மெட்டு நன்றாக அமைந்துவிட்டது. ஆனால் பிளாரன்ஸ் இரண்டாம் சரணத்துக்கு வரும்போதெல்லாம் கரண்ட் போகும். வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான், பிளக்குக்கு லைன் கிடையாது. கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணையும். திரும்ப முதலிலிருந்து. ஒரு நாள் அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணு இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வழி பண்ணுங்க, இல்ல எனக்கு ஒரு வழி சொல்லுங்க. மூச்சப் புடிச்சிப் பாடுறது நான். கரண்ட் போயிருச்சுன்னு சொல்லுதது மட்டும் நீங்க."

மறுநாள் ரெக்சன் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுடலைக்கண்ணன் கடையில் ஒரு யூபிஎஸ் வாங்கிக்கொண்டு வந்தான். உள்ளே பேட்டரி இருக்கிற கறுப்புப் பெட்டி. கரண்ட் போன நொடியே இது பிடித்துக்கொள்ளும், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போனதே தெரியாது, அதற்குள் பாட்டைச் சேமித்துவிட்டு முறையாக அணைத்துக்கொள்ளலாம் என்று சுடலைக்கண்ணன் சொல்லியிருந்தான். எவ்வளவு நேரம் தாங்கும் என்று பிளாரன்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் தாங்கியது.

முதல் தடவை கரண்ட் போனபோது தெருவே அடங்கியது. வரிசையாக டிவிகள் செத்தன. ரெக்சனின் கம்ப்யூட்டர் மட்டும் முழித்துக்கொண்டிருந்தது, பெட்டி பீப், பீப் என்று அடித்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, அங்கன மட்டும் எப்படிலே ஓடுது என்று எரிச்சலோடு கேட்டார். தன்னைப் பார்த்து ஒருத்தன் வயிறு எரிவது ரெக்சனுக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. இனிப்பாக இருந்தது.

அந்த இனிப்பில்தான் தப்புச் செய்தான். கரண்ட் போன நேரத்திலேயே ஒரு கொடைப் பாட்டை முழுதாக முடித்து, அதைப் பென்டிரைவில் போட்டுப் பேரவைக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போய், நடுவில் கரண்ட் போச்சு அண்ணாச்சி, ஆனாலும் முடிச்சிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிப் போட்டுக் காட்டினான்.

பேரவைக் கூடத்தில் ஒரு பாட்டு ஆரம்பித்து முடிந்தது அன்றைக்குத்தான். முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தர் தும்மினார். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், உடுக்கைச் சத்தம் கொஞ்சம் தூக்கலோ என்றது. பேரவை வரலாற்றில் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் அபிப்பிராயம் அது. உடனே இன்னொருத்தர், இல்லை சரியாகத்தான் இருக்கிறது என்றார். மூன்றாவது ஆளுக்குத் துணிச்சல் வந்து, அண்ணாச்சி, உங்க நெய்தல் நிலவுல உடுக்கை உண்டுமா, லேசா முணுமுணுத்துக் காட்டுங்களேன் என்று கேட்டுவிட்டார். காசிலிங்கம் அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனது. கூட்டம் அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே விசாரணைக் குழு ரெக்சன் வீட்டுக்கு வந்தது. குழு என்றால் தலைவரும் செயலாளரும். பிளாரன்ஸ் டீயும் முந்திரி மக்ரூனும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சின்ன அறைக்குள் போய், மேசைக்குக் கீழே இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார்கள். இது எத்தனை நாளா இங்கன இருக்கு, யார் கொண்டுவந்து வச்சது, அக்கம்பக்கத்துக்குத் தெரியுமா என்று தேவமணி கேட்டார். கள்ளத்தோணியில் வந்த சரக்கை விசாரிக்கிற தோரணை. பில் இருக்கு அண்ணாச்சி என்றான் ரெக்சன். பில் இருக்கிறது என்பதால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது என்றார் தேவமணி.

காசிலிங்கம் அண்ணாச்சி ஒரு மக்ரூனை வாயில் போட்டு, அது கரைகிற வரைக்கும் காத்திருந்து பேசினார்.

"தம்பி, ஒரு பாட்டு போயிருச்சுன்னா அது எவ்வளவு ஒசத்தின்னு நாம சொல்லலாம். முடிஞ்சிருச்சுன்னா அடுத்தவன்லா சொல்லுவான். நான் சின்ன வயசுல இருந்து வத்தல் யாவாரம் பாக்கேன். மூட்டைய அவுக்காத வரைக்கும் நம்ம சொல்லுததுதான் வெல. அவுத்துட்டா அவனவன் கைய விட்டு அள்ளி மோந்து பாப்பான். உன் பெட்டி என்ன செய்யுதுன்னா, எல்லார் மூட்டையையும் அவுக்கப் பாக்குது."

ரெக்சன் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினான். பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் பாட்டை முடிக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தான். கேட்டால் முக்காலியும் போய்விடும் என்று பயந்து கேட்கவில்லை.

குழு அங்கேயே தீர்மானம் செய்தது. உறுப்பினர் பேட்டரி வைத்துக்கொள்ளலாம், அது அவர் உரிமை. ஆனால் கரண்ட் போகிற நேரத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அண்ணாச்சி எழுந்து ரெக்சன் தோளில் கை போட்டார். இந்த வருசம் ஆண்டு விழாவுக்குப் புதுசா ஒரு மறைவும் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது, உனக்கு ஒரு நல்ல இழப்பு வரணும்னு நான் வேண்டிக்கிடுதேன் தம்பி, கை வச்ச நாற்காலி ஒண்ணு காலியாத்தான் கெடக்கு என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தேவமணி பின்தங்கி நின்று ரெக்சன் காதுப் பக்கம் வந்தார்.

"அந்தப் பீப் சத்தத்த நிப்பாட்ட சுவிட்ச் எதும் உண்டுமா? எங்க வீட்டுல சொந்தக்காரன் ஒருத்தன் வச்சிட்டுப் போனது ஒண்ணு கெடக்கு. அடிச்சா தெருவுக்கே கேக்குது."

அதற்கப்புறம் ரெக்சனுக்கு அந்த நாற்காலியைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. யார்டில் கண்டெய்னர் நம்பரைச் சரிபார்க்கும்போதும் சுவரில் தன் பெயர் போட்ட கறுப்புப் படம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் பிளாரன்ஸ் 'கரை தெரியுதா'வை மறுபடியும் பாட உட்கார்ந்தாள். அடுப்பில் குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்திருந்தாள். முதல் சரணம் நன்றாக வந்தது. இரண்டாம் சரணத்தில் அவள் ஒரு இடத்தில் குரலை மேலே எடுத்து, அங்கேயே நிறுத்தி, மெதுவாகக் கீழே இறக்கினாள். ரெக்சனுக்குக் கையில் முடி குத்திட்டு நின்றது. பாட்டு முழுதாக முடிந்தது. அவள் வாய் மூடவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. பெட்டி பீப் என்றது.

"அடிக்குதே, எடுத்து வச்சிட்டியளா?" என்றாள் பிளாரன்ஸ்.

"இந்தா வைக்கேன்."

அவள் குழம்பை இறக்கப் போய்விட்டாள். ரெக்சன் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். பாட்டு பத்திரமாகிவிடும். ஒரு ஜெபமாலை நேரம் கையில் இருந்தது. அவன் திரையைப் பார்த்தான். இது போனால் இதைவிடப் பெரிய இழப்பு அந்தச் சுவரில் எதுவும் இருக்காது. காசிலிங்கம் அண்ணாச்சியுடையதும் இதற்குக் கீழேதான். பேரவையில் அத்தனை பேரும் தன்னைப் பார்த்து வயிறெரிவதை நினைத்தான். மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பெட்டி கெஞ்சுகிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு வேகமாக அடித்தது. பிறகு நின்றது. திரை கறுப்பானது. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

பிளாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். போயிருச்சா என்றாள். போயிருச்சு என்றான். அந்தப் பெட்டி இருந்துமா என்று கேட்டாள். அவன் குனிந்து பெட்டியின் வயரைச் சரிபார்ப்பதுபோல் தடவினான். அவள் மைக்கைப் பார்த்தாள்.

"இனிமே அப்படி வராதுங்க. எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுதாளோ என்னவோ, ரெக்சன் போய்ப் பார்க்கவில்லை. அவன் தேவமணிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். விவரத்தைக் கேட்டுவிட்டு தேவமணி, முழுசுமா என்றார். முழுசும் அண்ணாச்சி என்றான் ரெக்சன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"கொடுத்து வச்சவன்லே நீ."

அதற்கப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. போட்டோக்காரர் வந்து கறுப்புத் திரையை எடுக்கும் வரை கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது என்றார்கள். எடுத்த பிறகும் துக்கம் காக்க வேண்டும், ஆண்டு விழா வரைக்கும் அதைப் போடக் கூடாது என்றார்கள். கிட்டங்கி வாசலில் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் கறுப்புத் திரை, ஓரத்தில் காசிலிங்கம் அண்ணாச்சி கும்பிடுகிற படம் திரையைவிடப் பெரிதாக. ரெக்சன் பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று அதைக் கண்ணாரப் பார்த்தான்.

விழா அன்று காலையில், ஏற்புரையை அடித்து எடுப்பதற்காகக் கம்ப்யூட்டரைப் போட்டான். பாட்டுப் பதிவு செய்கிற மென்பொருள் தானாகத் திறந்து ஒரு கட்டத்தைக் காட்டியது. போன தடவை அணைவதற்கு முன்னால் நானே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், திறக்கவா என்று கேட்டது. அது அவ்வப்போது தானே எடுத்து வைத்துக்கொள்ளும் என்பது ரெக்சனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பாதிப் பாட்டில் செத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு, யூபிஎஸ் வந்த பிறகுதான் அதற்கெல்லாம் நேரம் கிடைத்திருந்தது. அமுக்கினான். 'கரை தெரியுதா' முதலிலிருந்து கடைசி வரை ஓடியது.

இப்படி ஒரு பாட்டை வேறு எவனாவது போட்டிருந்தால் ரெக்சன் பொறாமையிலேயே செத்திருப்பான். அதைப் போட்டதே தான்தான் என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அழிக்கிற பட்டன்மேல் விரலை வைத்தான். அழுத்த மனசு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கதவில் பிளாரன்ஸ், கையெல்லாம் மீன் செதிலோடு.

"அது நான்தானே?"

"ஏளா, சொல்லுதத கேளு. இன்னைக்கு ஒரு நாளு மட்டும் அது போனதாவே இருக்கட்டும். பொறவு மெதுவாக் கெடச்சதாச் சொல்லிக்கிடலாம்."

"பொறவுன்னா எப்ப?"

கிடைத்துவிட்டது என்று சொன்னால் படத்தைக் கழற்றிவிடுவார்கள், நாற்காலியையும் பிடுங்கிக்கொள்வார்கள். உயிரோட இருக்கிற பாட்டுக்கு எதுக்குங்க மாலை என்று அவள் கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்றான். அவள் சண்டை போடவில்லை. சரி, என் போன்ல ஒரு காப்பி ஏத்திக் குடுங்க, ஜெர்லினுக்கு மட்டும் போட்டுக் காட்டுதேன் என்றாள். ஜெர்லினுக்கு மட்டும் என்று மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு ஏற்றிக் கொடுத்தான்.

விழா பட்டப்பகலில் நடந்தது. முன்வரிசையில் பிளாரன்சையும் ஜெர்லினையும் உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலியில் 'மறைந்த பாடலின் குடும்பத்தார்' என்று எழுதி ஒட்டியிருந்தது. ரெக்சன் மேடையில், கை வைத்த நாற்காலியில். இரண்டு கையையும் கைப்பிடிமேல் முழுசாக நீட்டி வைத்திருந்தான்.

காசிலிங்கம் அண்ணாச்சி ரெக்சனுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பாட்டை நான் கேட்டதில்லை. கேட்காத காரணத்தினாலே உறுதியாகச் சொல்லுகிறேன், இதைப் போல ஒரு பாட்டு இனிமேல் வராது. ஆனால் இழப்பு என்று பார்த்தால், நெய்தல் நிலவு இதைவிட ஒரு சரணம் கூடுதல் என்பதையும் இந்த நேரத்தில் மறந்துவிடக் கூடாது."

அடுத்து தேவமணி பேசினார். பேசும்போதே அழுதார். கூட்டத்தில் பலர் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். புதுப் படத்துக்கு இவ்வளவு கண்ணீரா என்று அண்ணாச்சி முகம் கடுத்தது. எழுந்து போய்ச் சுவரில் இருந்த தன் படத்தின் மாலையைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கீழே ஜெர்லின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள். வருத்தப்படாத அக்கா, முடிஞ்சிருந்தாலும் எப்படி வந்திருக்குமோ, ஆண்டவர் எதையும் ஒரு காரணத்தோடதான் செய்வார் என்றாள். பிளாரன்ஸ் கையை உருவிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, மறைந்த பாடலின் குடும்பத்தார் சார்பில் இரண்டு வார்த்தை பேச வரும்படி தேவமணி அழைத்தார்.

பிளாரன்ஸ் மேடைக்குப் போனாள். ரெக்சனைப் பார்க்கவில்லை. எனக்குப் பேச வராது என்று மைக்கில் சொன்னாள். போனை எடுத்து மைக்கு முன்னால் மேசையில் வைத்து அமுக்கினாள்.

பாட்டு கூடத்தை நிறைத்தது. முதலில் யாருக்கும் அது என்ன பாட்டு என்று புரியவில்லை. நல்ல பாட்டு என்பது மட்டும் புரிந்தது. முதல் சரணம் முடிவதற்குள் கீழே மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் நின்றுவிட்டது. ஜெர்லின் வாய் லேசாகத் திறந்திருந்தது. உறுப்பினர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இத்தனை வருஷமும் தாங்கள் இழந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த பாட்டு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முகத்திலும் பொறாமை அப்பிக் கிடந்தது. ரெக்சனும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பொன்னாடை போர்த்தியிருந்த தன்னை ஒருத்தரும் பார்க்கவில்லை என்று அவனுக்கு எரிந்தது.

காசிலிங்கம் அண்ணாச்சி தேவமணிக்குக் கண் காட்டினார். தேவமணி நைசாகக் கதவுப் பக்கம் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மைக் செத்தது. ஃபேன்கள் மெதுவாக நின்றன. கரண்ட் போயிருச்சு என்று அண்ணாச்சி அறிவித்தார், குரலில் அப்படி ஒரு நிம்மதி. ஐயோ பாவம் என்று எல்லாரும் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

போன் பாடிக்கொண்டே இருந்தது. அதற்கு மெயின் தேவையில்லை. ஃபேன் சத்தம் நின்றுபோனதால் பாட்டு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் சரணம் ஆரம்பித்தது.

அண்ணாச்சி எழுந்தார். சபையைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினார்.

"மறைந்த பாடலுக்கு மௌன அஞ்சலி செலுத்துவோம். எல்லாரும் எழுந்திருங்க."

எல்லாரும் எழுந்தார்கள். தலையைக் குனிந்தார்கள், கண்ணை மூடினார்கள். பொன்னாடையோடு ரெக்சனும் எழுந்து நின்றான். மௌன அஞ்சலி என்பதால் ஒருத்தரும் பேச முடியவில்லை, செருமக்கூட முடியவில்லை, வந்த தும்மலை மூக்கைப் பிடித்து அடக்கினார்கள். பேரவை வரலாற்றில் அவ்வளவு அமைதி இருந்ததில்லை. அந்த அமைதியில் பிளாரன்ஸ் குரலை மேலே எடுத்தாள், நிறுத்தினாள், மெதுவாக இறக்கினாள். பாட்டு முடிந்தது.

பிளாரன்ஸ் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ரெக்சன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நல்லாருக்கா?"

ரெக்சன் கண்ணைத் திறந்தான். காசிலிங்கம் அண்ணாச்சி ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்சன் மறுபடியும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. கீழே சுமைக்காரர் ஒருத்தர், மேல பாடுனது யாரும்மா என்று கேட்டார்.

"நாந்தான்" என்றாள் பிளாரன்ஸ்.

இன்னொருக்கா போடும்மா என்றார் அவர். கீழே பாட்டு திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மாடியில் எல்லாரும் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். அஞ்சலி முடிந்ததாகத் தலைவர் இன்னும் அறிவிக்கவில்லை.